“ஒழுக்கம் தவறினாள்” என்று எழுதலாமா? – கதைகளைப் பற்றி எழுத அறச் சொற்களும் சமூகச் சொற்களும்

பின்வரிசை – ஜூன் 4, காலை 8.40

முதுகலைத் தமிழ், சிறுகதைத் தாள். கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்: “வறுமையால் ஒழுக்கம் தவறும் பெண்ணின் அவலத்தையும் சமூகச் சீரழிவையும் ஆசிரியர் தோலுரித்துக் காட்டுகிறார்.” தேய்ந்துபோன வாக்கியம் என்று எனக்கே தெரிகிறது. இதற்குப் பதிலாகக் கொஞ்சம் கனமான சொற்கள் ஒரு ஐம்பது கிடைக்குமா? அறம், விழுமியம், கருத்தியல் மாதிரி.

உரைகாரன் – ஜூன் 4, காலை 10.15

கதை “பொன்னகரம்” என்று எடுத்துக்கொள்கிறேன். 1934, மணிக்கொடி இதழ், புதுமைப்பித்தன் எழுதியது. இல்லையென்றால் சொல்லுங்கள், ஆனால் இந்த வாக்கியத்துக்கு அடி வாங்க அதைவிடப் பொருத்தமான கதை கிடையாது.

சொற்களில் கனக்குறைவு ஒன்றுமில்லை. கதை எதிர்க்கிற தீர்ப்பை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். அம்மாளு மில் கூலி. ஜட்கா ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான். அவள் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். இவ்வளவையும் சொல்லும்போது “தவறு”, “பாவம்”, “களங்கம்” என்று ஒரு சொல்லைக்கூடக் கதைசொல்லி அவள் மேல் வைப்பதில்லை. “கற்பு” வருவது முடிவில்தான், அதுவும் “என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே!” என்று படிக்கிறவர் வாயிலிருந்து பிடுங்கித் திருப்பி எறிவதாக. அப்படிப்பட்ட கதையைப் பற்றி “ஒழுக்கம் தவறும் பெண்” என்று எழுதினால், எறிந்ததைக் குனிந்து எடுத்து மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டதாக ஆகும்.

மாற்று, சுமாராக: “கற்பு என்னும் அளவுகோலைக் கூலிக்காரக் குடும்பத்தின் மேல் வைத்துப் பார்க்கும் வாசகரையே கதை குறுக்குவிசாரணை செய்கிறது.” இதில் கனமான சொல் ஒன்றுமே இல்லை, பாருங்கள்.

உரைகாரன் – ஜூன் 4, காலை 10.50

பட்டியல் கேட்டீர்கள். பட்டியலைவிட ஒரு கேள்வி உதவும்: இங்கே தீர்ப்புச் சொல்வது யார்? தமிழில் அறச் சொற்கள் பெரும்பாலும் தீர்ப்பாளரைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

தன் நெஞ்சு தீர்ப்புச் சொன்னால்: மனச்சான்று, உறுத்தல், குற்றவுணர்வு, கழிவிரக்கம். (கழிவிரக்கம் என்பது நடந்து முடிந்ததை எண்ணி வருந்துவது. “தன்னிரக்கம்” வேறு. இரண்டையும் மாற்றிப் போடுவது கட்டுரைகளில் அன்றாடம் நடக்கிறது.)

ஊர் சொன்னால்: பழி, அலர் (ஊர்ப்பேச்சு), ஏச்சு, அவப்பெயர், மானக்கேடு.

அரசோ மன்றமோ சொன்னால்: முறை, நீதி, குற்றம், தண்டம், நடுவுநிலை.

தெய்வமோ வினையோ சொன்னால்: பாவம், தீவினை, ஊழ், சாபம்.

விமரிசகர், அதாவது நீங்கள் சொன்னால்: விழுமியம், கருத்தியல், அறச்சிக்கல், ஒடுக்குமுறை.

ஒரு கதாபாத்திரம் கிணற்றடியில் ஊராரின் பேச்சுக்கு அஞ்சி ஒடுங்குகிறாள் என்றால் அங்கே “குற்றவுணர்வு” எழுதக் கூடாது. அவள் குற்றம் செய்ததாக அவள் நினைக்கவே இல்லாமல் இருக்கலாம். அது பழியச்சம்.

கரிசல் – ஜூன் 4, பகல் 1.05

அழகான பெட்டிகள். ஆனால் பழியை ஊர்ப்பெட்டியில் மட்டும் பூட்ட முடியாது. புறநானூறு 182: “பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்.” உலகமே பரிசாக வந்தாலும் வாங்க மாட்டார்கள் என்கிறபோது ஊர் பார்க்கிறதா இல்லையா என்ற கணக்கே அங்கே இல்லை. உள்ளே குடிபோன பழி அது.

உரைகாரன் – ஜூன் 4, பகல் 2.30

சரிதான், பெட்டிகள் ஒழுகும். எங்கே ஒழுகுகிறதோ அங்கேதான் கட்டுரைக்கு விஷயம் இருக்கிறது. நாணத்தையே எடுங்கள். குறள் 1018:

“பிறர்நாணத் தக்கது தான்நாணா னாயின்
அறம்நாணத் தக்கது உடைத்து.”

ஒன்றே முக்கால் அடியில் மூன்று தீர்ப்பாளர்கள்: பிறர், தான், அறம். பிறர் கூசும் காரியத்துக்கு அவன் கூசவில்லை என்றால் அறமே அவனைப் பார்த்துக் கூசி விலகும். ஊரிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து அறத்துக்கு நாண் ஏறிப்போகிறது. அதே அதிகாரத்தின் முதல் குறள் (1011) இன்னொரு வேலையைச் செய்கிறது: செய்கையால் வரும் நாண் வேறு, “திருநுதல் நல்லவர் நாணு” வேறு. அதனால் கட்டுரையில் “நாணம்” என்று மொட்டையாக எழுதினால் படிப்பவர் மனத்தில் தலைகுனிந்த மணப்பெண்தான் வருவாள். செய்கைக்குக் கூசுவதைச் சொல்ல வேண்டுமானால் “நாண்” அல்லது “செயல்நாண்” என்று பிரித்து எழுதுங்கள்.

பின்வரிசை – ஜூன் 4, மாலை 6.20

அப்போ “ஒழுக்கம்” என்ற சொல்லையே விட்டுவிடவா?

உரைகாரன் – ஜூன் 4, இரவு 9.00

விட வேண்டாம், தேதி பார்த்துப் பயன்படுத்துங்கள்.

அகப்பாடல் (சங்கக் காதல் பாடல்) பற்றி எழுதும்போது ஒழுக்கம் என்றால் நடத்தை, அவ்வளவே. களவொழுக்கம் (மணத்துக்கு முன் மறைவான காதல்), கற்பொழுக்கம் (மணவாழ்க்கை), பரத்தையொழுக்கம் (தலைவன் பரத்தையிடம் போவது) என்று மூன்றும் உண்டு. மூன்றாவதில் “நல்ல” என்ற வாடையே இல்லை. கற்பும் அப்படியே. தொல்காப்பியக் கற்பியலின் முதல் நூற்பாவில் கற்பு என்பது கொடுப்போர் கொடுக்கக் கொள்ளும் மணவாழ்க்கை நிலை, களவுக்கு அடுத்த கட்டம். சங்கத் தலைவியைப் பற்றி எழுதும்போது “கற்பு” என்ற சொல்லுக்குள் இன்றைய உடல்தூய்மையைத் திணித்தால் பாதிப் பாட்டு பிழையாகிவிடும்.

குறளில் 131 “உயிரினும் ஓம்பப்படும்” என்று உயர்த்துகிறது. ஆனால் 138இல் “நல்லொழுக்கம்”, “தீயொழுக்கம்” என்று அடைபோட வேண்டியிருக்கிறது. அடையில்லாத ஒழுக்கம் அங்கேயும் இரண்டு பக்கமும் சாயக்கூடியது.

குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரிடம் வந்தால் வேறு. அறம் என்பது மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதும் விலக்கியதை ஒழிவதும். அது ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்று என்கிறார். அவர் ஒழுக்கம் என்பது வருணத்துக்கும் நிலைக்கும் விதித்தபடி நடப்பது. ஆகவே “வள்ளுவர் கூறும் ஒழுக்கம்” என்று எழுதிவிட்டுப் பரிமேலழகர் உரையை மேற்கோளாகப் போட்டால், வாக்கியத்தின் எழுவாய் ஒருவர், கருத்து இன்னொருவருடையது.

இருபதாம் நூற்றாண்டுக் கதையில் ஒழுக்கம் என்றால் முக்கால்வாசி பெண்ணின் பாலுறவைத்தான் குறிக்கும். ஆண் கதாபாத்திரம் லஞ்சம் வாங்கினால் யாரும் “ஒழுக்கம் கெட்டான்” என்பதில்லை, “நேர்மை தவறினான்” என்பார்கள். இந்தப் பாகுபாட்டையே கட்டுரையில் ஒரு பத்தியாக எழுதலாம். பாரதி “கற்பு நிலையென்று சொல்ல வந்தார், இரு கட்சிக்கும் அஃது பொதுவில் வைப்போம்” என்றது இதைத்தான்.

வடமராட்சி_வாசகி – ஜூன் 5, காலை 7.15

“சமூகம்” பற்றியும் யாராவது எழுதுங்கோ. எங்கட யாழ்ப்பாணப் பக்கம் கூட்ட அழைப்பிதழில் “தவறாது சமூகமளிக்கவும்” என்றுதான் இருக்கும். வருகை தரவும் என்று அர்த்தம். தமிழ்நாட்டு விமரிசனத்தில் “சமூகம் இதை ஏற்கவில்லை” என்று வாசிக்கிறபோது, யார் வரவில்லை என்று தேடத் தோன்றும்.

உரைகாரன் – ஜூன் 5, காலை 9.40

தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் “அந்தச் சமூகத்தினர்” என்றால் சாதி. “சமூக ஆர்வலர்” என்றால் என்ன வேலை செய்கிறார் என்று செய்தியாளருக்குத் தெரியவில்லை. “சமுதாயம்” மேடைக்குப் போய்விட்டது, “குமுகாயம்” தனித்தமிழ் எழுதுவோரிடம் இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. கட்டுரையை எழுதி முடித்ததும் “சமூகம்” வரும் இடங்களைத் தேடி ஒவ்வொன்றிலும் செய்தவரைப் போட்டுப் பாருங்கள்: ஊரார், உறவினர், சாதிப் பஞ்சாயத்து, முதலாளி, மாமியார், திருச்சபை, கிராம அதிகாரி. பொருந்துகிறதா, மாற்றிவிடுங்கள். எந்தப் பெயரும் பொருந்தாமல் இவர்கள் எல்லோரும் சேர்ந்த ஒன்றுதான் வேண்டும் என்ற இடத்தில் மட்டும் “சமூகம்” இருக்கட்டும். பத்து வந்த இடத்தில் இரண்டு நின்றால் கட்டுரை பிழைத்தது.

கரிசல் – ஜூன் 5, காலை 10.05

“சமூக அவலங்களைத் தோலுரித்துக் காட்டும்” – இது பின்னட்டைக்காரர்களின் பரம்பரைச் சொத்து. அவலத்துக்குத் தோல் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

உரைகாரன் – ஜூன் 5, பகல் 12.10

அவலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவலம் என்றால் துயரம், அழுகை. அதில் செய்தவர் கிடையாது. மழை பொய்த்துப் பயிர் கருகினால் அவலம். விளைந்த நெல்லை மரக்காலில் ஏமாற்றி அளந்தால் அநீதி. கூலியைப் பிடித்தம் செய்தால் சுரண்டல். குளத்தில் இறங்கவிடாவிட்டால் தீண்டாமை. பேச்சுவார்த்தை அறுத்தால் ஊர்விலக்கு. இவை அனைத்தையும் “அவலம்” என்று எழுதினால் செய்தவர்கள் எல்லோரும் நழுவிவிடுவார்கள்.

இதே இலக்கணம்தான் “தாழ்ந்த சாதி” என்பதற்கும் “தாழ்த்தப்பட்ட” என்பதற்கும் நடுவில் இருக்கிறது. தாழ்ந்த – தன்வினை, தானே கீழே போனதாக. தாழ்த்தப்பட்ட – யாரோ தாழ்த்தினார்கள். ஒடுக்கப்பட்ட, ஒதுக்கப்பட்ட, விலக்கப்பட்ட எல்லாம் இந்த வரிசை. “கெட்டுப்போனவள்”, “சீரழிந்தவள்” என்பவை மறுபடி தன்வினை: செய்தவன் இலக்கணத்திலேயே தப்பித்துக்கொள்கிறான். “கற்பழிப்பு” இன்னும் மோசம், அழிந்தது அவளுடைய ஏதோ ஒன்று என்று கணக்கெழுதுகிறது. விமரிசனத்தில் பாலியல் வல்லுறவு, பாலியல் வன்கொடுமை என்றே எழுதுங்கள். பாத்திரமோ கதைசொல்லியோ “கெட்டுப்போனவள்” என்றால் மேற்கோள் குறிக்குள் வைத்து, சொல்வது யார் என்று குறிப்பிடுங்கள்.

பின்வரிசை – ஜூன் 5, இரவு 8.30

தீர்ப்பாளர் கேள்வியை ஜெயகாந்தனின் “அக்கினிப் பிரவேசம்” சிறுகதையில் போட்டுப் பார்த்தேன். மழையில் காரில் ஏற்றிக்கொண்டவன் மகளைப் பாலுறவுக்கு ஆளாக்கிவிட, அவள் வீடு திரும்புகிறாள். அம்மா தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள், மன்னிப்பு முடிந்தது. தீர்ப்பாளர் அம்மா என்று போடலாமா?

உரைகாரன் – ஜூன் 5, இரவு 10.20

போடலாம். அதையே ஜெயகாந்தனின் நாவலோடு சேர்த்துப் படித்தால் கட்டுரை நிமிர்ந்துவிடும். சிறுகதை 1966, ஆனந்த விகடன். நாவல் “சில நேரங்களில் சில மனிதர்கள்” 1970. 1972இல் சாகித்திய அகாதெமி விருது. நடந்த சம்பவம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சிறுகதையில் தீர்ப்பு நான்கு சுவருக்குள், தாயின் கையில். அங்கே பொருந்தும் சொற்கள்: கழுவுதல், தூய்மை, மன்னிப்பு, மறைத்தல். நாவலில் தாய் கூச்சலிட்டு விஷயம் வெளியே போகிறது, அண்ணன் வெளியேற்றுகிறான். அங்கே பழி, அவப்பெயர், குடும்பமானம், விலக்கு. தீர்ப்பாளர் மாறியதும் சொற்களும் மாறியாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் ஊற்றுவதை “முற்போக்கு” என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மன்னிக்கிறவள் தவறு நடந்ததாக ஒப்புக்கொள்கிறாள், தூய்மைப்படுத்துகிறவள் தீட்டு உண்டு என்று ஒப்புக்கொள்கிறாள். தீட்டு என்ற கருத்துக்குள் நின்றுகொண்டே அதை மீறுகிறாள். “மரபின் சடங்கையே மரபுக்கு எதிராகத் திருப்புதல்” என்று எழுதலாம். “அறமீறல்” என்று எழுதாதீர்கள். அவள் மீறுவது வழக்காறு.

நாவலின் வெங்கு மாமாவுக்கு நல்ல பழஞ்சொல் ஒன்று காத்திருக்கிறது. ஊர் மதிக்கும் வக்கீல், நாயகியைப் படிக்க வைத்தவர், கூடவே அவள் மேல் கண். “இரட்டை வேடம்” என்று எல்லோரும் எழுதுவார்கள். குறள் 271 இதைப் “படிற்றொழுக்கம்” என்கிறது, அதிகாரமே “கூடாவொழுக்கம்”. உடம்பின் ஐம்பூதங்களும் உள்ளே சிரிக்குமாம். அந்தச் சிரிப்பை மேற்கோளாக்கி எழுதினால் பத்தி தானாகக் கூர்மையாகும். ஆனால் கட்டுரை முழுக்கப் “படிற்றொழுக்கம்” என்று தூவ வேண்டாம், ஒரு முறை போதும். மற்ற இடங்களில் பாசாங்கு, போலித்தனம்.

கரிசல் – ஜூன் 6, காலை 6.50

பம்மாத்தை விட்டுவிட்டீர்களே. இல்லாத பெருமையை இருப்பதுபோல் காட்டுவது பம்மாத்து, இருக்கும் இழிவை மறைப்பது பாசாங்கு. வெங்கு மாமாவுக்குப் பாசாங்கு. பவுசு காட்டும் ஜமீன் வாரிசுக்குப் பம்மாத்து.

உரைகாரன் – ஜூன் 6, காலை 11.00

“அறம்” பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இப்போதைய இணைய எழுத்தில் அறம் எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறது. அறச்சீற்றம் என்பது சில இடங்களில் வெறும் கோபம், கோபித்தவர் நமக்கு வேண்டியவர், அவ்வளவுதான்.

பழைய நூல்களில் அறத்துக்குள்ளேயே சண்டை இருக்கிறது. ஆய் அண்டிரன் என்னும் வள்ளலைப் பாடும் புறநானூறு 134 “இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்” என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவனை “அறவிலை வணிகன்” என்கிறது. ஆய் அப்படிப்பட்டவன் அல்லன். மணிமேகலையில் திருப்பிக் கொடுக்க முடிந்தவர்களுக்குக் கொடுப்பவர்கள் “அறவிலை பகர்வோர்”. ஆற்றாதவரின் பசி தீர்ப்பவரிடம்தான் மெய்ந்நெறி வாழ்க்கை. அதே காப்பியம் இன்னொரு இடத்தில் அறம் எதுவென்று கேட்டு உண்டி, உடை, உறையுள் மூன்றைத்தான் சொல்கிறது. இதைக் குறள் 34இன் “மனத்துக்கண் மாசிலன் ஆதல்” பக்கத்தில் வையுங்கள். ஒன்று உள்ளத்தைப் பார்க்கிறது, மற்றது அடுத்தவர் வயிற்றை. “தமிழ் மரபு அறத்தை வலியுறுத்துகிறது” என்று பொதுப்படையாக எழுதுவதைவிட, “கதை மனத்தூய்மை அறத்தைக் கேட்கிறதா, பசிதீர்க்கும் அறத்தைக் கேட்கிறதா” என்று கேட்டால் பொன்னகரமே வேறு மாதிரித் திறக்கும். பால்கஞ்சி எந்தப் பக்கம் விழுகிறது?

“நீதி”யிலும் இரண்டு உண்டு. நீதிநூல், நீதிக்கதை, “கதையின் நீதி” என்றால் அறிவுரை. சமூகநீதி, “நீதி கேட்டாள்” என்றால் நியாயம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முதல் வகையில் நீதிநூல் எழுதினார், தொழிலில் இரண்டாவது வகையில் முன்சீப் (நீதிபதி). “நாவல் நீதியை முன்வைக்கிறது” என்று எழுதினால் எந்த நீதி என்று படிப்பவருக்குப் புரியாது.

வடமராட்சி_வாசகி – ஜூன் 6, மாலை 4.45

ஒரு சொல்லை இரு கரையிலும் கவனிக்க வேணும்: “குடிமக்கள்”. யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கில் அது வீடுகளுக்குத் தொழில் செய்யும் கட்டுண்ட சாதியினரைக் குறிக்கும், குடிமைத் தொழில் என்பதிலிருந்து. ஈழத்து எழுத்தாளர் டானியலின் “பஞ்சமர்” போன்ற நாவலை வாசித்துவிட்டு, தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் குடிமக்கள் என்றதை நாட்டின் பிரஜைகள் என்று எடுத்தால் கதை தலைகீழாகும். பஞ்சமர் என்பதும் அங்கே வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஐந்தையும் சேர்த்துச் சொல்வது.

கரிசல் – ஜூன் 6, மாலை 5.10

தமிழ்நாட்டில் “குடிமகன்” என்றால் இப்போது மூன்றாவது அர்த்தமும் உண்டு, மதுக்கடை வாசலில். அதைக் கட்டுரையில் எழுத வேண்டாம்.

உரைகாரன் – ஜூன் 6, இரவு 9.15

அதிகாரம் பற்றிய சொற்களில் வழக்கமான சறுக்கல்கள், சுருக்கமாக.

ஆதிக்கம்: வெளிப்படையான பிடி. அடி, சட்டம், கூலி நிறுத்தம். மேலாண்மை: ஒடுக்கப்படுபவரே ஒப்புக்கொள்ளும்படி செய்யும் பிடி. இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியை விளக்கும் தமிழ்க் கட்டுரைகளில் இந்தச் சொல் வரும். இப்போது கழிவு மேலாண்மை, பேரிடர் மேலாண்மை என்று ஊரெல்லாம் பலகை இருப்பதால், “சாதி மேலாண்மை” என்று எழுதினால் அதற்கு ஒரு துறையும் இயக்குநரும் இருப்பதாகத் தோன்றும். முதல் தடவை வரும்போது “இசைவின் மூலம் நிலைபெறும் மேலாதிக்கம்” என்று விரித்து எழுதிவிடுவது நல்லது.

கொள்கை, கருத்தியல்: கொள்கை அறிவித்துப் பிடிப்பது. கருத்தியல் பிடித்திருப்பதே தெரியாமல் பிடித்திருப்பது. திராவிட இயக்கப் பாத்திரம் மேடையில் பேசுவது கொள்கை. அவன் வீட்டில் தட்டைக் கழுவாமல் எழுந்து போவது கருத்தியல்.

தந்தைவழிச் சமூகம், ஆணாதிக்கம்: முதலாவது வம்சக் கணக்கு, இரண்டாவது அதிகாரக் கணக்கு. தாய்வழிக் குடும்பத்திலும் ஆணாதிக்கம் இருக்க முடியும்.

ஒடுக்குவோர், ஒடுக்கப்பட்டோர்: இந்த இருதரப்புக் கணக்கு எல்லா நாவலுக்கும் செல்லாது. இமையத்தின் “கோவேறு கழுதைக”ளில் (1994) ஆரோக்கியம் புதிரை வண்ணார். அவள் துணி வெளுப்பது, ஊர்ச்சோறு எடுப்பது எல்லாம் பறையர் காலனியில். அவளைக் கீழே வைக்கிறவர்களே மேலே இருப்பவர்களால் கீழே வைக்கப்பட்டவர்கள். அங்கே “படிநிலை”, “படிநிலைச் சமத்துவமின்மை” வேண்டும். அம்பேத்கர் சாதியை விளக்கியதும் இப்படித்தான்: ஏணியில் ஒவ்வொரு படிக்கும் மிதிக்க ஒரு படி. “விளிம்புநிலை மக்கள்” என்று பொதுவாக எழுதினால் விளிம்புக்குள்ளே இருக்கும் இந்தப் படிகள் காணாமல் போகும்.

பின்வரிசை – ஜூன் 7, காலை 9.00

சிலப்பதிகார வழக்குரை காதைக்கும் இதே முறை வருமா? “கொடுங்கோலன் பாண்டியன்” என்று எழுதியிருக்கிறேன்.

உரைகாரன் – ஜூன் 7, காலை 11.30

கொடுங்கோலன் என்று கண்ணகி தொடங்கவில்லை. அவள் முதல் சொல் “தேரா மன்னா”. தேர்தல் என்றால் ஆராய்தல். ஆராயாதவனே என்கிறாள், கொடியவனே என்று அல்ல. குற்றச்சாட்டு விசாரணை முறை மேல். குறள் 541 பக்கத்தில் வையுங்கள்: “ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை.” தேர்ந்து செய்தால்தான் முறை, தேராமல் செய்தது, தண்டனை சரியாகவே இருந்தாலும், முறை அல்ல.

அரசன் பதிலும் சட்டமொழிதான்: “கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று.” பொதுவிதியாகப் பார்த்தால் அன்றைய நீதிப்படி அவன் சொன்னதில் பிழையில்லை. கோவலன் கள்வனா என்று கேட்காததுதான் பிழை. சிலம்பு உடைந்து மணி தெறித்த பிறகு “யானோ அரசன், யானே கள்வன்” என்று தன் விதியைத் தன் மேலேயே பொருத்துகிறான். கள்வனைக் கொல்வது முறை என்றால், கள்வன் இப்போது அவன். விழுந்து சாகிறான். அதனால் “கொடுங்கோலன்” அவனுக்கு மிகை. முறைபிழைத்தவன், தேராதவன், பிழையுணர்ந்தவன். காப்பியத்தின் முகப்பான பதிகம் “அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற் றாவதூஉம்” என்றபோதும் வினை “பிழைத்தல்”தான். காப்பியமே தேர்ந்தெடுத்த வினையை விட்டுவிட்டு ஏன் இன்னொன்று?

கரிசல் – ஜூன் 7, பகல் 12.20

கண்ணோடாது என்றால்? கண்ணோட்டம் நல்ல குணம் என்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறாரே.

உரைகாரன் – ஜூன் 7, பகல் 1.45

58ஆவது அதிகாரம். கண்ணோட்டம் என்றால் இரக்கம், முகம்பார்த்து இளகுதல். தனிமனிதரிடம் அது பண்பு, தீர்ப்பு இருக்கையில் அது சாய்வு. கலித்தொகை 133 இன்னும் கடுமையாக “முறை எனப்படுவது கண்ணோடாது உயிர் வௌவல்” (இரங்காமல் உயிரைப் பறிப்பது) என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது 578: “கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு.” காரியம் கெடாமல் இரங்கத் தெரிந்தவர். முறைக்கும் இரக்கத்துக்கும் நடுவில் மாட்டிய நீதிபதி, போலீஸ்காரர், தலைமையாசிரியர் வரும் எந்தக் கதைக்கும் இந்த மூன்று வரிகளே போதும்.

அந்தக் கலித்தொகைப் பாட்டை முழுதாகப் படியுங்கள். பண்பு, அன்பு, அறிவு, செறிவு, நிறை, முறை, பொறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் வரையறை. பட்டியல் கேட்டீர்களே, நல்லந்துவனார் போட்டே வைத்திருக்கிறார். கவனிக்க வேண்டியது, இதைத் தோழி சொல்கிறாள், தலைவனிடம், அவன் கடமையைச் சுட்ட. அறவுரை மாதிரி இருக்கும் பாட்டு உண்மையில் வாதாட்டம். சூழலை வெட்டிவிட்டு “பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகுதல்” என்று காலண்டரில் போடும்போது அந்த வழக்கறிஞர் குரல் போய்விடுகிறது.

இன்றைய “கண்ணோட்டம்” என்பது பார்வைக்கோணம். “பெண்ணியக் கண்ணோட்டம்” என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் குறளின் கண்ணோட்டம் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். முதலதைப் “பார்வை” ஆக்கிவிடுங்கள்.

பின்வரிசை – ஜூன் 7, இரவு 10.05

கடைசியாக ஒன்று. “ஆசிரியர் சாடுகிறார்” என்பதற்கு மாற்று?

உரைகாரன் – ஜூன் 8, காலை 8.20

கதைக்குள் ஆசிரியர் குரல் நேரடியாக வந்து திட்டினால் மட்டும் “சாடுகிறார்”. நெருங்கியவரைத் திருத்தும் தொனி இருந்தால் “இடித்துரைக்கிறார்”. தீர்ப்புச் சொல்லாமல் நம்மிடம் விட்டுவிட்டால் “கேள்விக்குள்ளாக்குகிறார்”. இரு பக்கமும் நியாயம் வைத்தால் “சிக்கலாக்குகிறார்”. சிரிக்கவைத்துக் குத்தினால் “எள்ளுகிறார்”. தொல்காப்பியத்தில் நகைக்குச் சொன்ன நான்கு காரணங்களில் எள்ளல் முதலாவது. வசையையே இலக்கிய வடிவமாக்கினால் அங்கதம். அதில் நேரே வைவது செம்பொருள் அங்கதம், மறைத்து வைவது பழிகரப்பு அங்கதம். இன்னொரு படைப்பின் நடையை எடுத்து நையாண்டி செய்தால் மட்டும் பகடி.

பொன்னகரத்தின் முடிவு வரி நேரே வாசகரை விளித்துக் குத்துகிறது. செம்பொருள் அங்கதம் என்று எழுதலாம். தலைப்புக்கு அது செல்லாது. சந்துக்குப் பொன்னகரம் என்று பெயர் வைத்தவர் வாய் திறந்து வையவில்லை, அது பழிகரப்பு.

கரிசல் – ஜூன் 8, காலை 8.55

சந்தி பார்த்துக்கொள்ளுங்கள்: அறச்சிக்கல், அறச்சீற்றம், ஒழுக்கக்கேடு, விழுமியச் சரிவு – எல்லாம் ஒற்று மிகும். அறவுணர்வில் வகர உடம்படுமெய். சமூகநீதியில் ஒன்றும் வராது.